நல்ல நிலையில் இருந்த வண்டி

நகர சுகாதார அலுவலகத்தின் வீட்டு மருத்துவப் பிரிவுக்கு ஒரே ஒரு கார் இருந்தது. அதற்கு வயது பத்தொன்பது. அதை ஓட்டியவருக்கு ஐம்பத்தாறு. இரண்டு பேரில் யாரை மாற்றலாம் என்று கேட்டிருந்தால் அலுவலகத்தில் யாரும் யோசிக்காமல் டிரைவரைத்தான் கை காட்டியிருப்பார்கள். அவருக்கு முழங்கால் வலி இருந்தது. காருக்கு எந்த வலியும் இல்லை.

டிரைவர் தினமும் முக்கால் மணி நேரம் முன்னதாக வந்துவிடுவார். பானட்டைத் திறந்து, எண்ணெய்க் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். டயர்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவுவார். பிறகு எஞ்சினைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் டீக்கடையில் இருப்பார்கள். அவர்களுடைய வண்டிகள் பணிமனையில் இருக்கும்.

வாரத்தில் நான்கு நாள் அவரும் நர்ஸும் பதினொரு வீடுகளுக்குப் போனார்கள். பதினொன்றிலும் எழுந்திருக்க முடியாதவர்கள். நர்ஸ் புண்களுக்கு மருந்து வைத்துக் கட்டுவார், சிறுநீர்க் குழாய் மாற்றுவார், ஊசி போடுவார். டிரைவரின் வேலை ஓட்டுவது மட்டும்தான். ஆனால் படுத்திருப்பவரைப் புரட்டிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் வேறு எங்கிருந்து வருவார்? யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் ஆகட்டும் என்று, டிரைவர் காரின் முன்பக்க இடது இருக்கையை வெல்டிங் கடையில் கொடுத்து, முழுதாகச் சாயும்படி மாற்றி வைத்திருந்தார். ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். அதற்கு ஒரு மெத்தையும் உண்டு. மெத்தையின் உறையைத் தைத்தவர் பதினோராவது வீட்டுக்காரர். அவர் தையற்காரர். மாடிப்படியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். கை இரண்டும் நன்றாக இருந்ததால் படுத்தபடியே ஊசி நூலால் தைத்துக் கொடுத்தார்.

இந்த நிலையில், காரை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று முடிவு செய்ய ஒரு குழு அமைக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. குழுவின் பெயர் மூன்று வரி இருந்தது. உறுப்பினர்களும் மூன்று பேர். தலைவர், ஓய்வுபெற்ற பதிவாளர். பொறியாளர், கட்டடப் பிரிவைச் சேர்ந்தவர். மூன்றாமவர் அலுவலகத்தின் நிர்வாக அதிகாரி.

முதல் இரண்டு கூட்டங்கள் நடக்கவில்லை. உறுப்பினர்கள் வந்து சேர வண்டி கிடைக்கவில்லை. மூன்றாவது முறை நிர்வாக அதிகாரியே ஒரு வழி கண்டுபிடித்தார். டிரைவர் அதே காரில் போய்த் தலைவரையும் பொறியாளரையும் அவரவர் வீட்டிலிருந்து கூட்டி வந்தார். அந்தக் கார் ஓடுமா என்பதை ஆராய அவர்கள் அதிலிருந்து இறங்கினார்கள்.

பொறியாளர் காரை இரண்டு முறை சுற்றி வந்தார். கதவை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"ஈரக்கசிவு எங்கயாவது இருக்கா?"

"இல்ல சார்."

"விரிசல்?"

"இல்ல சார்."

பொறியாளர் நிமிர்ந்து கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டையில் அழுக்கு ஒட்டவில்லை. அதை அவர் தலைவரிடம் காட்டினார். இருவர் முகத்திலும் கவலை வந்தது.

கவலைக்குக் காரணம் இருந்தது. குழுவிடம் ஒரு படிவம் இருந்தது. நாற்பத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே குறையின் தன்மையைக் குறிக்க மூன்று கட்டங்கள்: கடுமையானது, மிகக் கடுமையானது, சொல்லில் அடங்காதது. குறை இல்லை என்று சொல்லக் கட்டம் இல்லை.

"கட்டம் இல்லன்னா விட்டுடலாமே சார்," என்றார் டிரைவர்.

தலைவர் அவரைப் பரிவோடு பார்த்தார். "தம்பி, நாற்பது வருஷம் நான் பதிவேடு பார்த்தவன். காலியா விட்ட படிவத்தை நான் என் கையால வாங்கினதே கிடையாது. வண்டி நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு குழு எதுக்கு? அதை நீங்களே சொல்லிடுவீங்க. உங்களால சொல்ல முடியாததைச் சொல்லத்தான் எங்களைப் போட்டிருக்காங்க."

அன்று முடிவு எடுக்கப்படவில்லை. டிரைவர் அவர்களை அதே காரில் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் டிரைவருக்கு ஒரு குறிப்பாணை வந்தது. பத்தொன்பது வயதான கார் மோசமான நிலையில் இருக்க வேண்டும். இந்தக் கார் அப்படி இல்லை. எனவே வயது தவறாக இருக்க வேண்டும் அல்லது நிலை தவறாக இருக்க வேண்டும். வயதுக்கு ஆவணம் உள்ளது. நிலைக்கு எந்த ஆவணமும் இல்லை. ஆகவே மேற்படி வாகனத்தை முன் அனுமதியின்றி நல்ல நிலையில் வைத்திருந்ததற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

டிரைவர் அதை மூன்று முறை படித்தார். வேலையில் சேர்ந்து இருபத்தாறு வருடத்தில் அவர் வாங்கிய முதல் குறிப்பாணை. நர்ஸ்தான் பதில் எழுத உதவினார்.

"தினமும் துடைச்சேன்னு எழுதிடுங்க சிஸ்டர். வேற என்ன சொல்ல?"

எழுதியதை நிர்வாக அதிகாரியிடம் காட்டினார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"துடைச்சேன்னு போடாதீங்க. யார் துடைக்கச் சொன்னாங்கன்னு அடுத்த கேள்வி வரும். நான் மனசு விட்டுச் சொல்றேன். நமக்குன்னு ஒரு புது வண்டி ஒதுக்கி வச்சிருக்காங்க. பழசு நல்லா இருக்குன்னு எழுதினா அது வேற பிரிவுக்குப் போயிடும். புதுசு வந்தா நோயாளிகளுக்குத்தானே நல்லது? ஏசி இருக்கு. நாலு நாள் நீங்க ஓட்டுங்க. மீதி நாள் நான் ஏதாவது அலுவலக வேலையா அங்க இங்க போக வேண்டி வரும். நாலு நாளும் கூட வேண்டி வரலாம். எல்லாம் நோயாளிகளுக்காகத்தானே."

"அதுல படுக்க வைக்க முடியுமா சார்?" என்று கேட்டார் நர்ஸ்.

"புது வண்டியில யாராவது வெல்டிங் பண்ணுவாங்களா சிஸ்டர்?" என்றார் அவர், மனம் புண்பட்டவராக.

இரண்டு நாள் கழித்து உத்தரவு வந்தது. கார் ஓடினால் அதன் நிலை மாறும். நிலை மாறினால் ஆய்வு செல்லாது. ஆகவே முடிவு எடுக்கும் வரை காரை நகர்த்தக் கூடாது. முன் கண்ணாடியில் 'ஆய்வில் உள்ளது' என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. பேட்டரி ஆய்வு நாளன்று இருந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்பதால், தினமும் காலையில் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விடலாம் என்று ஒரு சலுகையும் இருந்தது. சாவி டிரைவரிடமே இருக்கும். டிரைவர் வழக்கமான பணி நேரத்தில் காரின் அருகே இருக்க வேண்டும்.

அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

நர்ஸ் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனார். பதினொரு வீடு ஐந்தானது. சில நாள் நான்கு. தையற்காரர் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறி, இறங்கி அரை மணி நேரம் மேட்டில் நடக்க வேண்டும். வாரம் இரண்டு முறை கட்டு மாற்ற வேண்டிய புண்ணுக்கு மூன்று வாரத்தில் ஒரு முறைதான் போக முடிந்தது. டிரைவர் ஒருநாள் தன் ஸ்கூட்டரில் நர்ஸைக் கூட்டிப்போனார். அலுவலகப் பணியாளரை அலுவலகப் பணிக்காக, அலுவலகம் அல்லாத வாகனத்தில் ஏற்றிச் சென்றதற்கு இரண்டாவது குறிப்பாணை வந்தது. மூன்றாவது வந்தால் ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள் என்று எழுத்தர் காதோடு சொன்னார். டிரைவருக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அதன் பிறகு அவர் ஸ்கூட்டரை எடுக்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு தையற்காரரின் மனைவி டிரைவருக்குப் போன் செய்தாள்.

"தம்பி, ராத்திரியெல்லாம் இவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. நெருப்பாக் கொதிக்குது. முதுகுப் புண்ணு ஒரு மாதிரி வாடை அடிக்குது. வண்டி எடுத்துட்டு வாங்களேன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்."

"ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். இவரு பேரு வீட்டு மருத்துவப் பட்டியல்ல இருக்காம். அதுக்குன்னு தனி வண்டி இருக்கறப்ப நாங்க வரக் கூடாதுங்கறாங்க."

டிரைவர் நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினார். டிரைவர் நிர்வாக அதிகாரியிடம் போனார்.

அதிகாரி பதறிப்போனார். அது நடிப்பு இல்லை. "அடடா, கண்டிப்பாப் போகணும். ஒரு பத்து நிமிஷம் இருங்க. தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

டிரைவர் கீழே வந்து காரில் ஏறி உட்கார்ந்தார். மெத்தையைச் சாய்த்த இருக்கையில் விரித்தார். டேங்க் நிறைய எரிபொருள் இருந்தது. எஞ்சினைப் போட்டார், ஒரே திருப்பில் பிடித்தது. பத்து நிமிடம் கழித்து நிறுத்திவிட்டு மேலே போனார்.

"தலைவர் போனை எடுக்கல. பொறியாளர்கிட்ட பேசிட்டேன், அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா எழுத்துல வேணும்ல? பத்து நிமிஷம்."

பதினொரு மணிக்குத் தலைவர் போனை எடுத்தார். மனிதாபிமான அடிப்படையில் முழு ஒப்புதல் என்றார். ஆனால் நகர்த்தக் கூடாது என்ற உத்தரவைக் குழு கூடிப் போட்டிருப்பதால், குழு கூடித்தான் தளர்த்த வேண்டும். குழு கூட வேண்டுமானால் அவர் வர வேண்டும். வருவதற்கு வண்டி வேண்டும்.

"நானே போய்க் கூட்டிட்டு வரட்டுமா சார்?" என்றார் டிரைவர்.

அதிகாரிக்கு அழாத குறை. "அதுக்கும் வண்டியை நகர்த்தணுமே. கொஞ்சம் பொறுங்க. பத்து நிமிஷம்."

அன்று யாரும் முடியாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டிரைவர் ஒருவேளை கோபப்பட்டிருப்பார். கோபத்தில் வண்டியை எடுத்திருக்கலாம். பத்து நிமிடம் என்பது கோபப்படுகிற அளவு நேரம் இல்லை. அவர் சட்டைப் பையில் சாவியை வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் பத்து நிமிடமாகக் காத்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் போன் செய்தார். மூச்சு வாங்கியது; மேட்டில் ஓடியிருக்க வேண்டும்.

"அண்ணே, நாடி ரொம்ப இறங்கிடுச்சு. கிளம்பிட்டீங்களா?"

"இதோ சிஸ்டர். பத்து நிமிஷம்."

தன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை டிரைவர் கேட்டார்.

வாடகைக் கார்க்காரர்கள் உட்கார முடியாதவரை ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு சரக்கு வண்டியை நிறுத்தி, காலிப் பெட்டிகளை இறக்கிவிட்டு, தையற்காரரைப் போர்வையோடு தூக்கிக் கிடத்தினார்கள். நர்ஸ் மேலே ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பாதி வழியில், ரயில்வே கேட்டுக்கு முன்னால், வண்டியை ஓரம்கட்டச் சொன்னார். இனி அவசரம் இல்லை என்றார்.

தலைவர் எப்படியோ வந்து சேர, மாலை மூன்று நாற்பதுக்கு அனுமதி எழுத்தில் வந்தது. எழுத்தர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

அன்று வீட்டில் டிரைவர் சாப்பிடவில்லை. அவருடைய மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? சாவியை அவங்க வாங்கி வச்சுக்கிட்டா நீங்க வண்டியைத் தோள்லயா தூக்கிட்டுப் போவீங்க?"

சாவி ஆணியில் மாட்டிய சட்டையில் இருந்தது.

அடுத்த வாரம் குழு கூடியது. தலைவர் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருக்கச் சொன்னார். எல்லோரும் நின்றார்கள். பொறியாளர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலைவர் பேசினார்.

"ஒரு குடிமகனை நாம் இழந்திருக்கிறோம். நான்கு மாதமாக இந்தக் குழு ஒரு குறையும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். மறைந்தவர் தம் மறைவின் மூலம் நமக்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். பதினேழாவது கேள்வியைப் பாருங்கள். 'அவசர நேரத்தில் வாகனம் உரிய இடத்தைச் சென்றடையத் தவறியதா?'"

பொறியாளர் பார்த்தார். "தவறியிருக்கு சார்."

"தன்மை?"

"சொல்லில் அடங்காததுன்னு போட்டுடலாம்."

கூட்டம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு டிரைவரை மேலே கூப்பிட்டார்கள். அவர் படித்துப் பார்த்தார்.

"வண்டி போகாம இல்ல சார்," என்றார். "நான்தான் போகலை. சாவி என் பையிலதான் இருந்தது. எடுத்துட்டுப் போயிருந்தா அரை மணி நேரம்."

பொறியாளர் படிவத்தின் தலைப்பை விரலால் காட்டினார்.

"அது பணியாளர் பிரிவு," என்றார் பொறியாளர். "இந்தப் படிவம் வாகனப் பிரிவு."

நிர்வாக அதிகாரி எழுந்து வந்து டிரைவரின் தோளில் கை வைத்தார். "ஏன் உங்க மேல இழுத்துப் போட்டுக்கறீங்க? பெரிய சிக்கலாயிடும், உங்களுக்கும் எங்களுக்கும். வண்டி மேலயே போட்டுடுவோம். அது பாட்டுக்கு நிக்குது. வாயைத் திறந்து பதிலா சொல்லப் போகுது?"

டிரைவர் நின்றார். படிவத்தில் எழுதியிருந்தது பொய் இல்லை. கார் அன்று போய்ச் சேரவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

காரை நகருக்கு வெளியே உள்ள கழிவு வாகனக் கிடங்கில் ஒப்படைக்க உத்தரவு வந்தது. கூடவே, இத்தனை நாள் கிடைக்காத நகர்வு அனுமதிச் சீட்டும் வந்தது. எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று அதில் போடவில்லை. டிரைவர் காலை எட்டு மணிக்கு எஞ்சினைப் போட்டபோது நர்ஸ் பையோடு வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தார். அன்று பத்து வீடுகளுக்கும் போனார்கள். பத்துப் பேரையும் புரட்டிப் பிடித்தார் டிரைவர். ஒரு வீட்டில், வண்டி சரியாயிடுச்சா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார் நர்ஸ்.

தையற்காரர் வீட்டுத் தெரு முனை வந்தபோது டிரைவர் வேகத்தைக் குறைத்தார். நிறுத்த மனம் துணியவில்லை. நர்ஸை பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டுக் கிடங்குக்குப் போனார்.

கிடங்குக்காரர் சீட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "இது ஓடாத வண்டின்னு போட்டிருக்கு. ஓடி வந்தா நான் எப்படி எடுக்கறது? வாசல்லயே நிறுத்திட்டு உள்ள தள்ளிக் கொண்டாங்க."

டிரைவர் இறங்கி, ஜன்னல் வழியாக ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். தகரக் குவியல்களுக்கு நடுவே காட்டிய இடத்தில் நிறுத்தினார். சாவியை ஆணியில் மாட்டச் சொன்னார்கள். மாட்டினார்.

பிறகு நடந்தே தையற்காரர் வீட்டுக்குப் போனார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தையற்காரரின் மனைவி கட்டிலைப் பிரித்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள். வீடு பெரிதாகிவிட்டது போலிருந்தது.

"வாங்க தம்பி, உக்காருங்க. வேர்த்திருக்கே, நடந்தா வந்தீங்க?" தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "ஆபீஸ்ல இருந்து கடுதாசி வந்தது. வண்டி பழுதாயிடுச்சுன்னு போட்டிருக்காங்க. உண்மையைச் சொல்றேன், உங்க மேல எனக்கு ரொம்பக் கோவம். வராம இருந்துட்டாரே மனுஷன்னு. இதைப் படிச்சப்புறம்தான் மனசு ஆறிச்சு. பழைய வண்டி, அது என்ன பண்ணும், நீங்க என்ன பண்ணுவீங்க."

டிரைவர் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். குடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

"பழுது இல்லக்கா," என்றார்.

"என்ன?"

"வண்டி நல்லாத்தான் இருந்தது."

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஸ்டார்ட் ஆகலன்னு..."

"ஆச்சு. அன்னைக்கும் ஆச்சு. மெத்தையெல்லாம் விரிச்சு வச்சிருந்தேன். அனுமதி கேட்டுட்டு நின்னேன். பத்து நிமிஷம்னு சொன்னாங்க. நின்னுட்டே இருந்துட்டேன்."

அவள் தாளை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்தாள். இன்னொரு முறையும் மடித்தாள். வெளியே தெருவில் ஏதோ ஒரு வண்டி உறுமிக்கொண்டு மேடு ஏறிப் போனது. சத்தம் அடங்கும் வரை அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு இப்படித்தான் ஒவ்வொரு வண்டியா போச்சு," என்றாள். "நான் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடினேன். அவ்வளவு காய்ச்சல்லயும் அவரு சொல்லிட்டே இருந்தாரு. 'ஓடாத. இது டிரைவர் தம்பி வண்டி இல்ல. அவரு வண்டி இப்படிச் சத்தம் போடாது. அது வந்து நின்னாக்கூடத் தெரியாது. ஒருவேளை வந்து நிக்குதோ என்னவோ, கதவைத் திறந்து பாரு'ன்னாரு."

டிரைவர் எழுந்திருக்கவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை.